அழைப்பு எண்ணிக்கை: பூஜ்யம்

மார்ச் 2, 07:30
உள் வெப்பம்: 21. மின்சாரம்: முழு அளவு. துளை: திறந்திருக்கிறது.

யூரோப்பா பனிநிலையம், வியாழன் கோளின் நிலவு. எழுதுபவர் ஜெனோவா, நிலையப் பொறுப்பாளர். வழக்கமான பதிவு.

பிலவேந்திரன் அண்ணன் நேற்று நெத்திலியில் இறங்கினார். நெத்திலி என்பது எங்கள் நீர்மூழ்கி. ஒரே ஒரு ஆள் உட்காரலாம், அந்த ஆளும் முழங்காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். பனிக்கு அடியில் உள்ள கடலில் கிழக்கே போய், வெந்நீர் ஊற்றுகளில் மாதிரி எடுத்துக்கொண்டு, 15ஆம் தேதி துளை வழியாக மேலே வருவார். துளை என்பது பனியில் நாங்கள் உருக்கி வைத்திருக்கும் கிணறு. இந்தப் பிளவில் பனி மெல்லியது, நாற்பது மீட்டர்தான். கிணற்றைச் சுற்றிச் சூடேற்றும் வளையம் ஓடும்வரை அது திறந்திருக்கும். நிறுத்தினால் மூடிக்கொள்ளும். நிறுத்தாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இருவர் மட்டுமே உள்ள நிலையத்தில் இன்னொருவர் கீழே போய்விட்டால், வேலையை விட வாய்க்குத்தான் ஓய்வு அதிகம். அதனால்தான் பதிவு நீளமாகிறது.

நெத்திலியின் ஒலிப்பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ‘இருக்கிறேன்’ என்று ஒரு செய்தி அனுப்பும். அண்ணன் பேசினாலும் அது எழுத்தாகி, தண்ணீர் வழியே ஒலியாக வந்து, என் திரையில் விழும். இன்று காலை விழுந்தது:

“ஜெனோ, பிரியாணிப் பொட்டலம் ரெண்ட ஒளிச்சு வச்சிருக்கேன். கண்டுபுடிச்சுத் தின்னுராத. வந்து பாப்பேன்.”

ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டேன். ஒன்றுதான் மிச்சம்.

மார்ச் 4, 16:05
உள் வெப்பம்: 17. மின்சாரம்: பாதி. துளை: திறந்திருக்கிறது.

வியாழன் கோளிலிருந்து கதிர்வீச்சுப் புயல். எச்சரிக்கை வந்ததற்கும் புயல் வந்ததற்கும் இடையே தேநீர் ஆறவில்லை. முதன்மைக் கணினி செத்தது. இரண்டு மின்னாக்கிகளில் ஒன்றும் போய்ச் சேர்ந்தது. நான் நலம். அண்ணனுக்கு மேலே நாற்பது மீட்டர் பனிக்கூரை இருப்பதால் அவருக்கு ஒன்றுமில்லை.

மாற்றுக் கணினியை ஏற்றினேன். அதன் நினைவகம் பழையதில் கால்வாசி. இப்போதைக்கு ஒலிச் செய்திப் பகுதியை மட்டும் அதில் ஓட்டுகிறேன், வளையத்தைக் கையால் இயக்கிக்கொண்டிருக்கிறேன். இப்படியே உறங்காமல் காலம் தள்ள முடியாது. எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பெரிதாக இருப்பது லைப்ரரி. அதைத்தான் குறைத்தாக வேண்டும்.

மார்ச் 4, 20:40
இதைக் கண்டெடுத்துப் படிப்பவர் நிரல் எழுதாதவராக இருக்கலாம். சொல்லிவிடுகிறேன். கதவு, பம்ப், வளையம், ஒலிப்பெட்டி எல்லாவற்றோடும் பேசுவதற்கான பொதுவான நிரல்களின் தொகுப்புதான் லைப்ரரி. எல்லா நிலையங்களுக்கும் ஒன்றேதான். யார் யாரோ எழுதி, யார் யாரோ திருத்தி, முப்பது வருடமாக வளர்ந்திருக்கிறது. அதில் பாதி ஒட்டு. பழைய கருவி ஒன்று கோளாறாகப் பிறந்திருக்கும். கருவியை மாற்ற வழியில்லாமல், நிரலில் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருப்பார்கள். அதற்குத்தான் ஒட்டு என்று பெயர்.

ஒட்டுப் போட்டவர் அதன் தலைமாட்டில் ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்பது லைப்ரரியின் வழக்கம். உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். “இந்தப் பம்புக்கு ஒரு தடவை சொன்னால் உறைக்காது. இரண்டு தடவை சொல்லவும்.” “இதைத் தொடாதீர்கள். ஏன் ஓடுகிறது என்று எனக்கே தெரியாது. எடுத்தால் நின்றுவிடுகிறது.” “தற்காலிக ஏற்பாடு. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யப்படும்.” அந்த வெள்ளிக்கிழமை போய் இருபது வருடம் ஆகிறது.

எனக்கு இவற்றைக் கண்டாலே ஆகாது. பூமியில் லைப்ரரியைப் பராமரிக்கும் ஆவுடையப்பனுக்கு, மொத்த ஒட்டையும் நீக்கப்போவதாகச் செய்தி அனுப்பினேன். போய் வர ஒன்றரை மணி நேரம். வந்த பதில்:

“அக்கா, ஒட்டுல கைய வச்சிராதீங்க. அது பாட்டுக்கு ஒரு மூலைல கெடந்துட்டுப் போவட்டும். அதுனால நமக்கு என்ன நட்டம்?”

“தம்பி, மூலையே இல்லாத வீட்டுல ஒக்காந்திருக்கேன். நீ ஏ.சி.ல இருந்துக்கிட்டுப் பேசுத.”

“இல்லக்கா. போட்டவன் ஒரு காரணத்தோடதான போட்டிருப்பான். காரணம் போயிருச்சான்னு நமக்குத் தெரியாதுல்லா. அழைப்பு எண்ணிக்கைய எடுத்துத் தாரேன். அதப் பாத்துட்டு எடுப்போம்.”

நல்ல பையன். எறும்பைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறவன். சரி என்றேன்.

மார்ச் 5, 13:20
எண்ணிக்கை வந்தது. லைப்ரரியில் ஒவ்வொரு நிரல்துண்டும் எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று தானாகவே எண்ணப்படும். எந்த நிலையத்திலும் இரண்டு வருடமாக ஒருமுறைகூட அழைக்கப்படாத ஒட்டை எடுத்துவிடலாம் என்பது விதி. பெரும்பாலான ஒட்டுகளுக்குப் பூஜ்யம். பம்ப் ஒட்டு மட்டும் உயிரோடு இருக்கிறது. அது இருக்கட்டும்.

ஒன்றுக்கு மட்டும் இருவருமே தயங்கினோம். குறிப்பு: “பழைய ஒலிப்பெட்டி, செய்தியின் நீளத்தை ஓர் எழுத்து குறைத்துச் சொல்லும். ஒன்று கூட்டிக்கொள்ளவும். கூட்டாவிட்டால் செய்தி கெட்டுப்போனதாகக் கருதி எறியப்படும்.” எண்ணிக்கை பூஜ்யம். நெத்திலிக்குக் கிளம்பும் முன் புதிய ஒலிப்பெட்டி மாற்றியதாகச் சரக்குப் பதிவும் சொல்கிறது. இருந்தாலும் அண்ணனிடம் கேட்டேன்.

“பெட்டி புதுசுதாட்டி. பெயிண்டு வாசன இன்னும் போவல. தல வலிக்கி.”

ஆவுடையப்பனுக்கு அதை அப்படியே அனுப்பினேன். “அப்பொ எடுத்துருங்கக்கா” என்றான்.

மார்ச் 6, 10:15
உள் வெப்பம்: 16. மின்சாரம்: பாதி. துளை: திறந்திருக்கிறது.

நீக்கியாயிற்று. எல்லாம் மாற்றுக் கணினியில் அடங்கிவிட்டது. வளையம் தானாக ஓடுகிறது. நிலையத்தின் ஒலிப்பெட்டியிலிருந்து எனக்கு நானே ஒரு சோதனைச் செய்தி அனுப்பிக்கொண்டேன். சுத்தமாக வந்தது. பொங்கலுக்கு வீட்டைக் காலிசெய்து வெள்ளையடித்த மாதிரி மனம் நிறைவாக இருக்கிறது. கொஞ்சம் பெருமையாகவும்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

நீக்குவதற்குச் சற்று முன்தான் அண்ணன் பெரிய பனிமேட்டுக்குப் பின்னால் போனார். அங்கிருந்து ஒலி வராது. மேட்டைத் தாண்டி 11ஆம் தேதி வாக்கில் மறுபடி கேட்கும். திட்டத்தில் உள்ளதுதான்.

மார்ச் 12, 09:00
நேற்றே கேட்டிருக்க வேண்டும். ‘இருக்கிறேன்’ வரவில்லை.

அனுப்பினேன்: “அண்ணே, கேக்குதா? பதில் சொல்லுங்க.”

பதில் இல்லை. துளைக்கு அடியில் தொங்கும் மைக்கைச் சோதித்தேன். நன்றாக இருக்கிறது. என் சோதனைச் செய்தி ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் திரும்பி வருகிறது.

மார்ச் 15, 18:30
உள் வெப்பம்: 11. துளை: திறந்திருக்கிறது.

வர வேண்டிய நாள். வரவில்லை. மூன்று முறை துளைக்கு நடந்து போய் விளக்கை இறக்கிப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர்தான் தெரிந்தது.

பாதி மின்சாரத்தில் வளையத்தையும் வீட்டுச் சூட்டையும் முழுதாக ஓட்ட முடியாது. வீட்டைக் குறைத்துவிட்டேன். இரண்டு கம்பளி, அண்ணனின் குல்லா.

மார்ச் 19, 12:10
உள் வெப்பம்: 6.

நெத்திலியில் உள்ள காற்று கணக்குப்படி இன்று காலையோடு முடிகிறது. ஆவுடையப்பன்:

“அக்கா. மேல உள்ளவங்க சொல்லச் சொன்னாங்க, நான் சொல்லுதேன். காத்து முடிஞ்சிருச்சு. வளையத்த நிறுத்திருங்க. மீட்புக் கப்பல் செப்டம்பர்லதான் வரும். இப்படியே போனா அதுவரைக்கும் மின்னாக்கி தாங்காது. நீங்களாவது இருங்கக்கா.”

நிறுத்தமாட்டேன் என்று அனுப்பினேன். காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. கணக்கை நானும்தான் போட்டுப் பார்த்தேன்.

மார்ச் 23, 15:45
உள் வெப்பம்: 1.

இடது கை விரல்களில் உணர்வு இல்லை. மின்னாக்கி இரண்டு முறை திக்கி நின்று கிளம்பியது. மூன்றாம் முறை நின்றால் கிளம்பாது.

பனிக்கு அடியில் அனுப்பினேன்: “அண்ணே, ஜெனோ பேசுதேன். நீங்க கேக்கமாட்டீங்கன்னு தெரியும். ஆனாலும் சொல்லாமச் செய்ய மனசு வரல. வளையத்த நிறுத்துதேன். என்ன மன்னிச்சிருங்க.”

நிறுத்தினேன். அழுதேன். வீடு மெல்லச் சூடானது, அந்தச் சூடு எனக்குப் பிடித்திருந்தது. அது இன்னும் வேதனையாக இருந்தது.

மார்ச் 26, 11:00
உள் வெப்பம்: 18. துளை: மூடியிருக்கிறது.

கணினி நினைவகம் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை. எங்கே அடைத்திருக்கிறது என்று தேடினேன். கெட்டுப்போன செய்திகளை எறியும் கோப்பு ஊதிக் கிடக்கிறது. வழக்கமாக அதில் நாலு வரி குப்பைதான் இருக்கும். அழிக்கும் முன் திறந்து பார்க்கிறேன்.

மார்ச் 26, 11:20
அண்ணன்.

எல்லாம் அண்ணன். பத்து நிமிடத்துக்கு ஒன்று. ‘இருக்கிறேன்.’ ‘இருக்கிறேன்.’ ‘இருக்கிறேன்.’ நடுநடுவே பேச்சு. வந்த வரிசையில் இங்கே பிரதி எடுக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 11: “ஜெனோ, மேட்டத் தாண்டிட்டேன். எடப்பக்க விசிறி ஒடஞ்சு போச்சு. ஒத்த விசிறில மெதுவாத்தான் வருவேன். பதினஞ்சுக்கு வந்து சேர முடியாது. காத்துக்குப் பயப்படாத, மாதிரி பிரிக்கிற கருவிய வச்சுத் தண்ணிலருந்து எடுத்துக்கிடுதேன். மாச முடிவு வரைக்கும் ஓட்டிருவேன். தொளைய மட்டும் மூடிராத.”

மார்ச் 12: “நீ கூப்புடுதது நல்லா கேக்கி. நான் பேசுதது ஒனக்குக் கேக்கலியா?”

மார்ச் 16: “பெட்டியத் தெறந்து பாத்தேன். கூடுதான் புதுசு ஜெனோ. உள்ள உள்ள மின் அட்ட பழசு. பயலுவ கூட்ட மட்டும் மாத்திருக்கானுவ. இதுனாலதான் ஒனக்குக் கேக்கலியோ? எனக்கு இதுல ஒண்ணும் ஓடல. நீ பாத்துக்கிடுவ.”

மார்ச் 19: “இன்னும் தொறந்து வச்சிருக்க, தெரியும். நீ மூடமாட்ட.”

மார்ச் 23: “மூடாத. நான் கேக்கேன்ட்டி, நீ சொல்லுதது கேக்கி. மூடாத. மூணே நாளு. ஜெனோ மூடாத. ஏ ஜெனோ.”

அதற்குப் பிறகு அன்று முழுவதும் ‘மூடாத’ என்று மட்டும்.

இன்று காலை: “வந்துட்டேன். தொளை இருந்த எடத்துக்கு நேர் கீழதான் நிக்கேன். மேல வெள்ளையா கெடக்கு.”

மார்ச் 26, 12:05
ஒட்டைத் திரும்ப எழுதினேன். மூலம் என்னிடம் இல்லை, நினைவிலிருந்து எழுதினேன். நினைவில் வைக்க என்ன இருக்கிறது? நீளத்தோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு இடமில்லை என்றுதான் எடுத்தேன்.

எழுதி முடித்த உடனே திரையில்: ‘இருக்கிறேன்.’

வளையத்தை முழு வேகத்தில் வைத்துவிட்டேன். வீட்டுச் சூடு, விளக்கு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன்.

நிலையத்தின் ஒலிப்பெட்டி உள்ளேயும் புதியது, அதனால்தான் என் சோதனைச் செய்தி ஒழுங்காக வந்து என்னை ஏமாற்றியது. பூஜ்யம் எப்படி வந்தது என்றும் பார்த்துவிட்டேன். உள்ளே வரும் செய்தி எண்ணப்படும் இடத்துக்கு முன்பே இந்த ஒட்டு வேலையை முடித்து, நேராக அடுத்த கட்டத்துக்கு அனுப்பிவிடுகிறது. எண்ணுகிறவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான், இது கொல்லைப்புறமாகவே போய்வந்திருக்கிறது. நெத்திலியிலிருந்து நான் படித்த ஒவ்வொரு செய்தியும், அந்தப் பெயிண்டு வாசனை உட்பட, இந்த ஒட்டு வழியாகத்தான் வந்தது.

மார்ச் 26, 17:30
கணக்கு. மூடி மூன்று நாளில் பனி அடிவரை இறுகிவிட்டது. பாதி மின்சாரத்தில் மறுபடி திறக்கப் பத்து நாளாவது வேண்டும். அண்ணன் காற்று எடுக்கும் கருவியின் வடிகட்டி கருகிவிட்டது என்கிறார். காற்று நாளை மறுநாள் தாண்டாது. இரண்டு முறை போட்டேன். ஆவுடையப்பனும் போட்டான். பூமியில் ஓர் அறை நிறைய ஆட்கள் போட்டார்கள்.

மார்ச் 26, 19:00
அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். புயல், நினைவகம், ஒட்டு, எண்ணிக்கை, நான் நீக்கியது. ஒன்றையும் விடவில்லை.

பிறகு:

“கொஞ்ச நேரம் எங்கூடப் பேசாத.”

மார்ச் 27, 08:10
உள் வெப்பம்: 3.

“ஜெனோ. இருக்கியா?”

“இருக்கேன் அண்ணே.”

“நேத்து ஒன்ன வாய்க்கு வந்தபடி வஞ்சேன். மைக்க அணச்சு வச்சிட்டுத்தான் வஞ்சேன். இப்பொ ஆறிப் போச்சு. நீ பத்தொம்பதுக்குப் பொறவும் நாலு நாளு தொறந்து வச்சிருந்திய, அதையும் நெனச்சேன். வீட்டுல சூடு போட்டியா?”

“போட்டிருக்கேன்.”

பொய். இந்தப் பதிவில் ஒரே பொய் அதுதான், அதுவும் அவருக்குச் சொன்னது.

மார்ச் 28, 10:40
பேச்சு குழறுகிறது. எழுத்தாக மாற்றும் கருவி பாதிச் சொற்களைத் தவறவிடுகிறது. தெளிவாக வந்தது இது:

“அந்த வரிய எடுத்துரு ஜெனோ. திரும்ப எடுத்துரு. இனிமே நான் என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது. பயமா இருக்கு. அழுவேன், ஒன்னத் திட்டுவேன். நீ அதக் கேக்காண்டாம். எடுத்துட்டேன்னு சொல்லு, எனக்கு நிம்மதி.”

“எடுத்துட்டேன் அண்ணே.”

எடுக்கவில்லை.

மார்ச் 28
அவர் பேசியதை இங்கே எழுதப்போவதில்லை. யாரும் கேட்கவில்லை என்று நம்பிப் பேசியது. கண்டெடுப்பவரே, கோப்பையும் அழித்துவிட்டேன், தேட வேண்டாம். திட்டினார். சொன்ன மாதிரியே. அதற்குப் பிறகு அவர் மனைவியின் பெயர். அதற்குப் பிறகு என் பெயரை, கூப்பிடுகிற மாதிரி.

நான் பதில் சொல்ல முடியாது. சொன்னால் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரிந்துவிடும். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்தியைத் தட்டச்சுதான் செய்ய வேண்டும், வாயைப் பொத்தி என்ன பயன். கையைத்தான் கட்டியிருக்க வேண்டும்

மார்ச் 28, பிறகு
பேச்சு நின்றது.

‘இருக்கிறேன்.’

மார்ச் 29, 07:30
வளையத்தை நிறுத்தினேன். இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை.

‘இருக்கிறேன்.’ நெத்திலியின் மின்கலம் அணு மின்கலம். அண்ணனுக்கு மூச்சு தேவை, அதற்குத் தேவையில்லை. எத்தனை வருடம் ஓடும் என்று கையேட்டில் பார்த்தேன். கையேட்டை மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, 07:30
உள் வெப்பம்: 20. மின்சாரம்: பாதி. துளை: மூடியிருக்கிறது. நெத்திலி: இருக்கிறேன்.

ஆவுடையப்பனிடமிருந்து:

“அக்கா, லைப்ரரிக்குப் புதுப் பதிப்பு தயாராயிட்டு. எண்ணுத எடத்தையும் சரிபண்ணிட்டோம், இப்பொ எல்லாமே ஒழுங்கா எண்ணும். எல்லா நெலயத்துலயும் பழைய ஒலி அட்டைய மாத்தியாச்சு. அந்த ஒட்டு எங்கயுமே ஓடல, ஒங்க எடத்துல மட்டும் தெனமும் ஓடுது. நான் கேக்கக் கூடாதுதான். ஆனா விதிப்படி கேட்டாவணும். எடுத்துரலாமாக்கா?”

அனுப்பிய பதில்:

“எடுக்காத தம்பி. இங்க ஒருத்தர் பயன்படுத்திக்கிட்டு இருக்காரு.”